ஆடிஸ் அபாபாவில் ஒரே ஒரு வேளை: எந்தத் தட்டில் கை வைப்பது?

2022-இல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் சென்னைக்கும் வரத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் போன் அழைப்புகள் கூடிவிட்டன. நைரோபிக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ போகிறவர்கள் வழியில் ஆடிஸ் அபாபாவில் இறங்கி விமானம் மாறுகிறார்கள். சிலருக்கு நடுவில் ஒரு பகலோ ஓர் இரவோ கிடைக்கிறது. நான் அந்த ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். "அண்ணே, ஒரு வேளைதான் சாப்பிட முடியும். எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களாமே, அதை எங்கே போய்ச் சாப்பிட்டால் நல்லது?"

கேட்கிறவர்கள் கையில் ஏற்கெனவே மூன்று பதில்கள் இருக்கும். ஓட்டல் வரவேற்பில் ஆட்டம் பாட்டோடு நடக்கும் பெரிய உணவகத்தைச் சொல்லியிருப்பார்கள். டாக்சிக்காரர் இறைச்சிக் கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்றிருப்பார். அலுவலக நண்பர் ஒருவர் பலகைகூடச் சரியாக இல்லாத ஒரு சின்னக் கடையின் வழியைச் சொல்லியிருப்பார். மூன்றுமே நல்ல பதில்கள். ஆனால் புதன்கிழமைக்கு நல்லது சனிக்கிழமைக்கு நல்லதாக இருக்காது; ஆறு பேருக்கு நல்லது ஒருவருக்குச் சரிப்படாது. அதனால் இடத்தைப் பற்றிப் பேசும் முன் வேறு சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கிழமை. இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பார்கள். அன்று இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெரிய விரதம். ஜனவரி 7-இல் வரும் அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு முன் ஆறு வாரம். ஆகஸ்டில் 7-ஆம் தேதியிலிருந்து இரண்டு வாரம். எல்லாம் சேர்த்தால் சாதாரணக் குடும்பத்தினருக்கே வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் விரத நாள்தான். ஈஸ்டருக்குப் பின் வரும் ஐம்பது நாளில் மட்டும் புதன், வெள்ளிக்கு விலக்கு உண்டு. விரதச் சாப்பாட்டுக்கு 'ட்ஸோம்' என்று பெயர். மற்ற நாள் சாப்பாடு 'ஃபிசிக்'. உணவுப் பட்டியலே இந்த இரண்டு தலைப்பில்தான் பல கடைகளில் பிரிந்திருக்கும்.

எத்தனை பேர். ஒரு பெரிய தட்டு, அதன் மேல் விரித்த இன்ஜெரா என்ற புளித்த மாவு ரொட்டி, அதன் மேல் குட்டிக் குட்டிக் குன்றுகளாகக் குழம்பும் கூட்டும். மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் எட்டுப் பத்து வகை வரும். தனியாகப் போனால் சில இடங்களில் மட்டுமே இந்தப் பல வகை கிடைக்கும்.

எதைச் சாப்பிட மாட்டீர்கள். அங்கே சைவம் என்பது ஆளைப் பொறுத்ததல்ல, நாளைப் பொறுத்தது. "நான் இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சொன்னால் பரிமாறுபவர் கொஞ்சம் யோசிப்பார். "யெட்ஸோம் அல்லெ?" என்று கேளுங்கள், உடனே புரிந்துவிடும். விரதச் சாப்பாடு இருக்கிறதா என்று பொருள். "அல்லெ" என்றால் இருக்கிறது, "யெல்லெம்" என்றால் இல்லை. ஹலால் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம்களும், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் பொதுவாகச் சாப்பிட மாட்டார்கள். இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் அதற்கேற்பத் தனித்தனி. வெளிப்படையாகக் கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நேரம். எத்தியோப்பியக் கடிகாரம் காலை ஆறிலிருந்து தொடங்கும். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பழைய கணக்கு மாதிரிதான். போனில் இடம் பிடிக்கும்போது "இரண்டு மணிக்கு வாருங்கள்" என்று சொன்னால் அது இரவு எட்டாக இருக்கலாம். "எத்தியோப்பிய நேரமா, வெளிநாட்டு நேரமா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம். 2024 ஜூலை இறுதியில் எத்தியோப்பியப் பணமான பிர்ரின் மதிப்பைச் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். டாலருக்கு 57, 58 என்றிருந்தது சில வாரங்களில் நூறைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் எழுதிய எந்த விலைப் பட்டியலையும் நம்ப வேண்டாம். நானும் இங்கே விலை எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பட்டியலில் போட்ட விலையோடு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி தனியாகச் சேரலாம். பெரிய இடங்களில் அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் வரும். சின்னக் கடையில் பெரும்பாலும் போட்ட விலைதான்.

## மூன்றுக்கும் பொதுவான ஒன்று: இன்ஜெரா

எங்கே போனாலும் அடியில் விரிந்திருப்பது இன்ஜெராதான். தட்டும் அதுதான், ஸ்பூனும் அதுதான், கடைசியில் சாப்பாடும் அதுதான். டெஃப் என்ற தானியத்தில் செய்வது. கடுகைவிட, கசகசாவைவிடச் சின்ன மணி. மாவைக் கரைத்து, பழைய மாவின் மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைப் புரை ஊற்றுகிற மாதிரி ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். கொஞ்சம் மாவை எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சித் திரும்பக் கலப்பார்கள். ஆப்பத்துக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'மிதாத்' என்ற பெரிய வட்டக் கல்லில் வெளி ஓரத்திலிருந்து உள்ளே சுழித்து ஊற்றி மூடிவிடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் விழும். அவற்றைக் 'கண்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

கடையை எடைபோட நான் பார்ப்பது அந்தக் கண்களைத்தான். நெருக்கமாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். சுருட்டி வைத்த இன்ஜெராவை விரிக்கும்போது விரிசல் விடக்கூடாது. ஓரம் காய்ந்திருக்கக்கூடாது. விரலால் தொட்டால் லேசான ஈரம், ஆனால் ஒட்டக்கூடாது. கூட்டம் நிறைய வந்துபோகும் கடையில் இன்ஜெரா அன்றைக்குச் சுட்டதாக இருக்கும். கூட்டமில்லாத இடத்தில் நேற்றையது வரும். புளிப்பும் ஏறியிருக்கும். முதல் தடவை சாப்பிட்டுவிட்டு "ஒரே புளிப்பு, எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்ன பலர் நாள்பட்ட இன்ஜெராவைச் சாப்பிட்டவர்கள் என்பது என் கணிப்பு.

டெஃபில் குளூட்டன் இல்லை என்பது உண்மை. ஆனால் டெஃப் விலை கூடின தானியம். விலை மலிவான கடைகளில் வேறு மாவும் கலப்பார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் 'முழு டெஃபா' என்று கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

## வழி 1: ஆட்டம் பாட்டு நடக்கும் பெரிய உணவகம்

போலே பகுதியில் இருக்கும் யோத் அபிசினியா, 2000 ஹபேஷா மாதிரியான இடங்கள் இந்த வகை. விமான நிலையமும் போலேயில்தான் என்பதால் ஓட்டலிலிருந்து பக்கம். பெரிய கூடம், தாழ்வான முக்காலிகள், 'மெசோப்' என்ற வண்ணப் பின்னல் கூடை மேஜைகள். மேடையில் ஒற்றை நரம்பு மசின்கோ, யாழ் மாதிரி இருக்கும் கிரார், கெபெரோ மேளம். ஒவ்வொரு பகுதி மக்களின் ஆட்டமும் அடுத்தடுத்து வரும். அம்ஹாரா ஆட்டமான எஸ்கிஸ்தாவில் இடுப்புக்குக் கீழே கிட்டத்தட்ட அசைவே இருக்காது. தோள்கள் மட்டும் நடுங்கும், துள்ளும், உதறும். குராகே ஆட்டத்தில் அப்படியே நேர்மாறாகக் கால்கள் பறக்கும்.

சாப்பாட்டில் இங்கே கேட்க வேண்டியது 'மஹபெராவி', அதாவது எல்லாம் கலந்த பெரிய தட்டு. விரதமில்லாத நாளில் டோரோ வொட், திப்ஸ் என்ற வறுத்த இறைச்சி, கிட்ஃபோ என்ற நெய் கலந்த கொத்திறைச்சி, அயிப் என்ற உதிரிப் பாலாடைக்கட்டி, கீரை, பருப்பு எல்லாம் ஒரே இன்ஜெராவில் வரும். டோரோ வொட் கோழிக் குழம்பு. வெங்காயத்தை எண்ணெய் ஊற்றாமல் வெறும் பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிளறிக் கரையவிட்டு, அதன் பிறகுதான் பெர்பெரே மிளகாய்ப் பொடியும் தாளித்த நெய்யும் சேரும். முறைப்படி கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்ட வேண்டும். கூடவே அவித்த முட்டை. வீட்டில் பண்டிகைக்குச் செய்வது இது. சின்னக் கடைகளில் எல்லா நாளும் கிடைக்காது என்பதால், ஒரே ஒரு தடவை ருசிபார்க்க நினைப்பவருக்குப் பெரிய உணவகமே வசதி. சுற்றுலாப் பயணிகள் வருவதால் விரத நாளிலும் இங்கே இரண்டு வகையும் சமைப்பார்கள். பரிமாறுபவர் எது என்ன என்று விரலால் காட்டிச் சொல்லித்தருவார்.

இனி மறைந்திருக்கும் செலவு. ஆட்டம் சூடுபிடிப்பது இரவு எட்டுக்கு மேல். நல்ல இடம் வேண்டுமென்றால் ஏழுக்கே போய் உட்கார வேண்டும். மேடை அருகில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. சத்தம் அவ்வளவு. பழைய நண்பரைப் பத்து வருடம் கழித்துப் பார்க்கும் இரவுக்கு இது ஏற்ற இடமல்ல. ஆடவந்தவர்கள் மேஜை மேஜையாக வந்து தோளைக் குலுக்கி உங்களையும் எழுப்புவார்கள். அன்பளிப்பு கொடுப்பது வழக்கம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வரி, சேவைக் கட்டணம், திரும்பி வர இரவு டாக்சி எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல் விலையைவிடக் கணிசமாக ஏறிவிடும்.

தெஜ் பற்றியும் ஒரு வார்த்தை. தேனைப் புளிக்கவைத்து, 'கெஷோ' இலைக் கசப்பு சேர்த்துச் செய்யும் மது. குடுவை மாதிரி இருக்கும் கண்ணாடியில் மஞ்சளாக வரும். பழரசம் போலத்தான் இறங்கும். ஆனால் ஆடிஸ் அபாபா ஊட்டியைவிடவும் கொஞ்சம் உயரமான ஊர்; காலையில் வந்திறங்கிய உடம்புக்கு அது சீக்கிரம் தலைக்கேறும். மது வேண்டாதவர்கள் அம்போ ஊற்றின் வாயுத் தண்ணீரைக் கேட்கலாம். அந்தப் புளிப்புக்கும் காரத்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

நான் இதை யாருக்குச் சொல்வேன் என்றால், நாலு பேருக்கு மேல் போகும் குடும்பத்துக்கு, குழந்தைகள் இருப்பவர்களுக்கு, ஒரே குழுவில் சைவமும் அசைவமும் கலந்திருப்பவர்களுக்கு. சாப்பாட்டில் இது முதலிடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்டின் இத்தனை முகங்களை ஒரே மாலையில் பார்க்க வேறு வழியில்லை.

## வழி 2: தெருவோரச் சின்னக் கடையில் பெயாய்நெத்து

என் மனம் இங்கேதான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'பெயாய்நெத்து' என்றால் வகைக்கு ஒன்று என்று பொருள். விரத நாளில் மதியம் எந்தத் தெருவில் நடந்தாலும் கிடைக்கும். அராத் கிலோ, சிதிஸ்த் கிலோ என்ற பகுதிகளில் பல்கலைக்கழக மாணவர்களை நம்பியே இருக்கும் கடைகள் நிறைய. தேசிய அருங்காட்சியகமும் அந்த வழியில்தான். பகலில் நேரம் கிடைத்தவர்கள் 32 லட்சம் வருடத்துக்கு முந்தைய லூசி என்ற ஆதிமனித எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு நடந்தே சாப்பிடப் போய்விடலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஆட்டம் காணும் மேஜை. கடைக்கார அம்மா பித்தளை மாதிரி மினுங்கும் அகலத் தட்டில் இன்ஜெராவை விரித்துக்கொண்டு வந்தார். கையில் குழம்புகள் வைத்த ஒரு வாளி வரிசை, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிற மாதிரி. நடுவில் ஷிரோ, அதாவது கொண்டைக்கடலை மாவில் செய்த கொதிக்கும் கூழ்க்குழம்பு. அதைச் சுற்றிக் கரண்டி கரண்டியாக: மைசூர்ப் பருப்பில் சிவப்பாக மிசிர் வொட், மஞ்சள் போட்டுக் காரமில்லாமல் கிக் அலிச்சா, பூண்டு வாசத்தோடு கீரை, கோஸும் கேரட்டும் உருளைக்கிழங்கும் வதக்கியது, பீட்ரூட், கடுகு அரைத்துச் சேர்த்த பச்சைப் பயறு மாதிரியான அசிஃபா, தக்காளியில் இன்ஜெராவைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்த ஃபித்ஃபித். ஒவ்வொன்றின் ஓரமும் பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும். பீட்ரூட் சிவப்பு கோஸுக்குள் ஊறும். எண்ணிப் பார்த்தேன், எட்டு வகை. அது ஓர் ஆளுக்கான தட்டு. எனக்கும் கூட வந்த நண்பருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

பெர்பெரேயில் வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், இஞ்சி, பூண்டு எல்லாம் உண்டு. அதனால் முதல் வாயிலேயே வத்தக்குழம்புக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஏதோ ஒன்று தெரிந்த முகமாக வரும். நம் நாக்குக்கு இந்தக் காரம் தாங்கும். மித்மித்தா என்ற பொடியிடம் மட்டும் கவனமாக இருங்கள். அது ஊசிமிளகாய்க் காரம்.

இந்தக் கடைகளின் பலம் எங்கே இருக்கிறது என்றால், விரத நாளில் அந்தச் சமையலறை முழுக்க இந்த ஒரு சாப்பாட்டுக்காகவே ஓடுகிறது. பக்தி உள்ளவர்கள் விரத நாளில் பிற்பகல் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, பசியோடு வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு ஏனோதானோ என்று சமைத்துப் போட முடியாது.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விரதமில்லாத நாளில் இதே கடையில் இதே ஷிரோவைக் கேட்டால் 'நித்தர் கிப்பே' என்ற தாளித்த நெய் விட்டு வரலாம். நெய் பரவாயில்லை என்பவர்களுக்குக் கவலையில்லை. ஆனால் 'போஸெனா ஷிரோ' என்றால் உள்ளே இறைச்சித் துண்டு இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சைவ நண்பர் சனிக்கிழமை ஒன்றில் அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மனசு கஷ்டப்பட்டார். சமைத்தவர் மேல் தப்பில்லை. அன்று ஃபிசிக் நாள், அவர் வழக்கப்படி கொடுத்தார். 'யெட்ஸோம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் வந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் இல்லை. மொழியில் இருக்கிறது, பட்டியல் அம்ஹாரிக் எழுத்தில் மட்டும் இருக்கலாம். கழிவறையில் இருக்கிறது, தண்ணீர் வராத நாட்கள் உண்டு. குடிக்க மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். பச்சையாக நறுக்கி வைத்த தக்காளி, வெங்காயத்தை அடுத்த நாள் நீண்ட விமானப் பயணம் இருப்பவர்கள் தொடாமல் விடலாம். ராத்திரி எட்டரைக்கு மேல் போனால் பாதி வகை தீர்ந்திருக்கும். இது மதியச் சாப்பாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: இறைச்சிக் கடை, கிட்ஃபோ கடை

முன்பக்கம் மாட்டிறைச்சி தொங்கும். பின்பக்கம் மேஜை போட்டிருக்கும். எந்தப் பகுதி என்று காட்டினால் வெட்டி எடை போடுவார்கள். கிலோ, அரைக் கிலோ கணக்கு. அதை திப்ஸாக வறுக்கச் சொல்லலாம். வெங்காயம், பச்சை மிளகாய், ரோஸ்மேரி போட்டு, அடியில் கரித்தணல் எரியும் மண்சட்டியில் சுறுசுறுவென்று சத்தத்தோடு வரும். அதற்கு 'ஷெக்லா திப்ஸ்' என்று பெயர். இந்த மூன்று வழியிலும் அசைவப் பிரியர்களுக்கு மிகச் சூடான, மிகப் புதிய இறைச்சி இங்கேதான்.

உள்ளூர்க்காரர்கள் பலர் இங்கே வருவது பச்சை இறைச்சிக்காக. கையில் கத்தியோடு துண்டு துண்டாக அரிந்து, மித்மித்தாவில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கிட்ஃபோ அதன் இன்னொரு முகம். குராகே மக்களின் பெருமை. கொத்திய இறைச்சியில் தாளித்த நெய்யும் மித்மித்தாவும் கலந்து, அயிப்போடும் கீரையோடும் வரும். கூடவே 'கொச்சோ' என்ற தட்டை ரொட்டி. வாழை மாதிரி இருக்கும் என்செத் மரத்தின் மாவைக் குழியில் புதைத்துப் புளிக்கவைத்துச் சுடுவது.

கிட்ஃபோவை மூன்று பதத்தில் கேட்கலாம். 'தெரெ' என்றால் பச்சை. 'லெப் லெப்' என்றால் வெதுவெதுப்பாக. 'யெபெஸெலெ' என்றால் முழுக்க வெந்தது. கௌரவத்துக்காக முதலாவதைக் கேட்க வேண்டாம். பச்சை மாட்டிறைச்சியில் நாடாப்புழு வரும் ஆபத்து உண்மையானது. அந்த நாட்டில் கொஸோ மரப் பூவை நாடாப்புழு மருந்தாகத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்ததே அதற்குச் சாட்சி. லெப் லெப் சூடு புழுவைக் கொல்லப் போதாது. யெபெஸெலெ கேட்டால் யாரும் உங்களைக் குறைவாகப் பார்ப்பதில்லை. நெய் வாசமும் மித்மித்தாவும் அப்போதும் இருக்கும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு எடைதான். தனியாகப் போனவர் அரைக் கிலோவோடு திணறுவார். விலையை வெட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், வெட்டியபின் பேச்சில்லை. பெரிய விரதக் காலத்தில் பல கிறிஸ்தவ இறைச்சிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். கூடவே ஓர் உள்ளூர்க்காரர் இருந்தால் மட்டும் இந்த வழியைச் சொல்வேன். எந்தத் துண்டைக் கேட்பது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வரும் தட்டு ஒன்றாக இருப்பதில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பெரிய உணவகம் | சின்னக் கடை | இறைச்சிக் கடை |
|---|---|---|---|
| புதன், வெள்ளி, விரதக் காலம் | இரண்டு வகையும் உண்டு | இதைவிடச் சிறந்த நாள் இல்லை | மூடியிருக்கலாம் |
| மற்ற நாட்கள் | டோரோ வொட்டுக்கும் கலவைத் தட்டுக்கும் நல்லது | வகை குறையும். நெய், இறைச்சி கேட்டுக்கொள்ளவும் | சனி, ஞாயிறு களைகட்டும் |
| தனி ஆள் | தட்டு மிஞ்சும் | மிக வசதி | வேண்டாம் |
| நாலு பேருக்கு மேல் | மிக வசதி | இடம் நெருக்கம் | நல்லது |
| சைவம் | கேட்டு வாங்கலாம் | முதல் தேர்வு | இல்லை |
| ஆகும் நேரம் | மூன்று மணி நேரம் | முக்கால் மணி நேரம் | ஒன்றரை மணி நேரம் |
| கவனிக்காமல் விடும் செலவு | வரி, சேவைக் கட்டணம், அன்பளிப்பு, இரவு டாக்சி | மொழி, தண்ணீர் | எடை, பச்சை இறைச்சி |

## எச்சில் பற்றிய தயக்கம்

மூன்று வழியிலும் நம் ஆட்கள் மனதில் இருக்கும் கேள்வி இது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். மற்றவர்களுக்காக: முதலில் கை கழுவச் செம்பும் வட்டிலும் மேஜைக்கே வரும், இல்லையென்றால் மூலையில் குழாய் இருக்கும். வலது கை மட்டும். உங்கள் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு துண்டு கிழித்து, உங்களுக்கு நேரே இருப்பதை அதில் வாரி மடித்து வாயில் போட வேண்டும். விரல் நுனி வாயைத் தொடாது. விரலை நக்குவதும் கூடாது. கடித்த துண்டைத் திரும்பத் தட்டில் வைக்க யாருக்கும் வழியே இல்லை, ஏனென்றால் எடுத்த வாய் முழுதாக உள்ளே போய்விடும். எதிர்ப்பக்கம் இருப்பது வேண்டுமென்றால் கை நீட்ட வேண்டாம். பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், யாராவது உங்கள் பக்கம் நகர்த்திவிடுவார்கள்.

அதற்கும் மேலே ஒன்று நடக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை, கடைக்கார அம்மா மேஜையைத் தாண்டிப் போகும்போது நின்றார். நான் சாப்பிடும் வேகம் அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, மிசிர் வொட்டையும் கீரையையும் சேர்த்து உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினார். குர்ஷா. நம் வீட்டில் நிலாச்சோறு பிசைந்து ஊட்டிவிடுவது போலத்தான். ஆனால் அங்கே அது குழந்தைகளோடு நின்றுவிடுவதில்லை; மரியாதைக்கும் பிரியத்துக்கும் பெரியவர்களுக்கும் ஊட்டுவார்கள். வாயைப் பெரிதாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றோடு நிறுத்தக்கூடாது என்பது வழக்கம், அதனால் இரண்டாவது கவளமும் வந்தது. வீட்டைவிட்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது அப்போது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குர்ஷாவை மறுப்பது மனதை நோகடிக்கும். ஒத்துக்கொள்ளாத ஏதாவது அதில் இருந்தால் மட்டும் கையை நெஞ்சில் வைத்து, சிரித்து, காரணத்தைச் சொல்லுங்கள்.

## சரி, உங்கள் நிலைமைக்கு எது

புதன் அல்லது வெள்ளி, பகல் நேரம், ஒருவரோ இருவரோ என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்னக் கடை. சைவம் என்றால் கிழமையையே அதற்கேற்ப அமைக்க முடியுமா என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே பாருங்கள்.

சனிக்கிழமை இரவு, குடும்பத்தோடு, மறுநாள் மதியம்தான் விமானம் என்றால் பெரிய உணவகம். ஆறு பேருக்கு ஆறு தட்டு சொல்லாதீர்கள். இரண்டு மஹபெராவியும் ஒரு விரதத் தட்டும் சொல்லி, தீர்ந்தால் இன்ஜெரா கூடக் கேளுங்கள். கூடுதல் இன்ஜெரா சுருட்டித் தனியாக வரும்.

உள்ளூர் நண்பர் கூட வருகிறார், விரதக் காலம் இல்லை, இறைச்சி பிடிக்கும் என்றால் இறைச்சிக் கடை; வெந்ததாக.

இரவு பதினொன்றுக்கு விமானம், எட்டு மணிக்குள் நிலையத்துக்குள் இருக்க வேண்டும் என்பவர்கள் மூன்றையும் விட்டுவிட்டு, மாலையில் ஒரு ஷிரோவும் இரண்டு இன்ஜெராவும் மட்டும் சாப்பிடுங்கள். இன்ஜெரா வயிற்றில் போய் ஊறும், உப்பும். முழுத் தட்டைச் சாப்பிட்டுவிட்டு உடனே பல மணி நேரம் குறுகலான இருக்கையில் உட்காருவது சிரமம்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். ஒரு கிலோ காப்பிக்கொட்டையோ பழமோ வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற கரிய மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். வறுக்கும் சட்டியை உங்கள் முகத்தருகே கொண்டுவருவார்கள். புகையைக் கையால் வாரி முகர வேண்டும். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரகா. பரகா என்றால் ஆசீர்வாதம். முதல் கோப்பையோடு எழுந்து போவது அழகில்லை. அதனால் அந்த வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே காப்பியைத் தொடங்கும்படி சொல்லிவையுங்கள்.